இரண்டாம் இடத்தில் நின்ற கோல்காப்பாளரும் நாங்கள் குடியேறிய எவ்ரூ நகரமும்

பிரான்சுக்கு வரும் தமிழர்களிற் பெரும்பாலானோர் பாரிசையும் அதன் புறநகர்களையும் விட்டு விலகுவதில்லை. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் போனால் கறிவேப்பிலை முதல் கலியாணக் கூறை வரை வாங்கலாம். மொழி தெரியாதவருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கவும் அங்கே ஆள் உண்டு. எனக்கோ வேலை நோர்மண்டியின் எவ்ரூ நகரத்தில் கிடைத்தது. பாரிசின் சென் லசார் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம் என்றாலும், பின்னேரம் ஆறு மணிக்கே தெருக்கள் அடங்கிவிடும் அந்த நகரத்தில், பெரிய தேவாலயத்தையும் அதன் அருகால் ஓடும் இத்தோன் ஆற்றையும் பார்த்துக்கொண்டு நடந்த முதல் மாதங்களில், தமிழில் ஒரு சொல் பேச ஆள் கிடைக்காமல் நான் பட்ட துயரம் கொஞ்சமல்ல. அந்த நகரத்தோடு எனக்கு உறவு உண்டாகக் காரணமாக இருந்தவர் நான் ஒருநாளும் நேரிற் காணாத ஒரு கோல்காப்பாளர். அவர் பெயர் ஸ்டீவ் மந்தந்தா.

அந்தப் பெயரை முதலிற் சொன்னவர் என்னோடு சமையற்கூடத்தில் வேலை செய்த கொங்கோ நாட்டவர். பெரிய பாத்திரங்களைக் கழுவி அடுக்கும் வேலை எங்கள் இருவருக்கும் உரியது. அவரும் கின்ஷாசாவிலிருந்து வந்தவர் என்பதால் மந்தந்தாவைப் பற்றிப் பேசும்போது சொந்தத் தம்பியைப் பற்றிப் பேசுவதுபோலக் குரல் உயரும். என் பிரெஞ்சு அப்போது வணக்கம், நன்றி என்ற அளவைத் தாண்டாதது. ஆனால் கோல், காயம், கிண்ணம், வெற்றி, தோல்வி ஆகியவற்றுக்கு நீண்ட இலக்கணம் தேவைப்படவில்லை. மாலை வகுப்பில் ஆசிரியை கற்பித்த வினைச்சொற்கள் மறுநாட் காலை அந்த உரையாடலிற்றான் உயிர்பெற்றன.

மந்தந்தா 1985 மார்ச் 28 அன்று கின்ஷாசாவிற் பிறந்தார். சிறு குழந்தையாக இருக்கும்போதே பெற்றோருடன் பிரான்சுக்கு வந்து, எவ்ரூவில் வளர்ந்து, இங்குள்ள ஏ.எல்.எம். எவ்ரூ கழகத்தில் பந்து பிடிக்கப் பழகினார். பின்னர் பிரான்சின் மிகப் பழைய உதைபந்தாட்டக் கழகமாகக் கருதப்படும் லு ஆவ்ர் அவரைத் தன் பயிற்சிப் பள்ளியிற் சேர்த்துக்கொண்டது. அங்கே இரண்டாம் பிரிவில் ஆடிப் பெயர் பெற்றவர், 2007இல் இரவல் ஆட்டக்காரராக மார்செய் நகரக் கழகத்துக்குச் சென்றார். அங்கு முதலாம் கோல்காப்பாளராக இருந்தவர் செட்ரிக் கராசோ. பருவத்தின் தொடக்கத்திலேயே கராசோ காயமடைந்தார். வாய்ப்பு இப்படிப் பிறருடைய துன்பத்தின் வழியாக வருவது கோல்காப்பாளரின் தொழிலுக்கே உரிய கொடுமை. முன்னணியில் ஆடுபவர் சற்றுச் சோர்ந்தால் கடைசி 20 நிமிடங்களுக்கு மாற்று ஆட்டக்காரரை இறக்குவார்கள். கோல்காப்பாளரை அப்படி மாற்றும் வழக்கம் இல்லை. இரண்டாமவர் பருவம் முழுவதும் நாள் தவறாமல் பயிற்சி செய்துவிட்டு ஒரு நிமிடமும் ஆடாமல் வீடு திரும்பக்கூடும். மந்தந்தாவுக்கு அன்று கதவு திறந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மார்செய் லிவர்பூலை அதன் சொந்த மைதானத்திலேயே 1–0 என வென்றபோது கோலின் முன் நின்றவர் அவர்தான். பருவ முடிவில் பிரெஞ்சு லீக்கின் சிறந்த கோல்காப்பாளர் விருதும் அவருக்கே கிடைத்தது. 2008 மே மாதம் கிரெனோபிளில் எக்குவடோருக்கு எதிராகத் தேசிய அணியில் முதல்முறை ஆடினார்.

2010 மே மாதம் மார்செய் 18 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டத்தை வென்ற இரவில் எங்கள் தொடர்மாடியின் கீழே வாகனங்கள் ஒலியெழுப்பிக்கொண்டு போனது நினைவிருக்கிறது. எவ்ரூவிலிருந்து மார்செய் நாட்டின் மறுகோடியில் இருக்கிறது. ஆயினும் வென்றது தங்கள் பிள்ளை என்று இங்குள்ளவர்கள் கொண்டாடினார்கள். அடுத்த மாதமே தென்னாபிரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் பிரெஞ்சு அணியினர் பயிற்சிக்கு இறங்க மறுத்து, ஒரு வெற்றியும் இல்லாமல் திரும்பினார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஆட்டக்காரர்களின் பிறப்பு, வளர்ப்பு, வளர்ந்த குடியிருப்புகள் என்று பேச்சு நீண்டது. பட்டம் வென்றால் எவ்ரூவின் பிள்ளை, தோற்றால் வந்தேறியின் பிள்ளை என்ற நிலைமையை இரண்டு மாதங்களுக்குள் கண்டது புதிதாக வந்த எனக்கு மிகவும் வலித்தது. என் பிள்ளைகளும் இதைக் கேட்டுத்தான் வளரவேண்டும் என்ற எண்ணம் அன்று வந்தது. அது இன்றும் முற்றாக நீங்கவில்லை.

அந்த உலகக் கிண்ணத்திலேயே ஹியூகோ லோரிஸ் பிரெஞ்சு அணியின் முதலாம் கோல்காப்பாளராகிவிட்டார். அதன் பிறகு ஏறக்குறைய 12 ஆண்டுகள் மந்தந்தா தேசிய அணியின் இரண்டாம் இடத்தில் நின்றார். அவரை அங்கே நிறுத்தியவர் யார் என்பதுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் சிந்திக்கவைத்த பகுதி. 2010இல் மார்செய் பட்டம் வென்றபோது பயிற்றுவிப்பாளராக இருந்தவர் டிடியே டெஷாம்ப். மந்தந்தாவின் திறமையை அவரை விட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது. அதே டெஷாம்ப் 2012இல் தேசிய அணியைப் பொறுப்பேற்றார்; லோரிஸை அணித்தலைவராகவும் முதற் கோல்காப்பாளராகவும் வைத்துக்கொண்டார். மார்செயில் அணித்தலைவராக இருந்து, லீக்கின் சிறந்த கோல்காப்பாளர் விருதை மொத்தமாக ஐந்து முறை வென்றவர், தேசிய அணியின் நீல உடை அணியும் நாட்களில் மாற்று ஆட்டக்காரர் இருக்கையிற் போய் அமர்ந்தார். முகம் கோணியதாகவோ பத்திரிகையாளரிடம் குறைபட்டதாகவோ நான் எங்கும் வாசித்ததில்லை.

வதிவிட அட்டைக்கான பதிலுக்கும், மனைவியின் விசாவுக்கும், சரியான வீட்டுக்கும் நாங்கள் காத்திருந்த காலமும் அதுதான். காத்திருப்பு மனிதரைச் சோம்பலாக்கும், அல்லது கசப்பாக்கும். இரண்டையும் என் அறைத் தோழர்களிடம் பார்த்திருக்கிறேன். மந்தந்தா பயிற்சியைக் குறைக்கவில்லை என்ற ஒரே செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் நான் மாலை வகுப்பைத் தவறவிடாமல் போனேன். 2014இல் உலகக் கிண்ண அணியிற் பெயர் வந்த பிறகு, லீக்கின் கடைசி ஆட்டத்தில் மோதுண்டு கழுத்தெலும்பிற் காயமடைந்து, தன் இடத்தை ஸ்டெஃபான் ருஃபியேவுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தபோது, அவருக்காக உண்மையாகவே கவலைப்பட்டேன்.

எங்கள் மூத்த மகன் பந்து விளையாடத் தொடங்கியதும் நகரம் வேறாகத் தெரிந்தது. புதன்கிழமைகளிற் பிற்பகல் பாடசாலை இல்லை. சிறுவர்களின் பயிற்சி அன்றுதான். கழகத்தில் லிசன்ஸ் என்னும் ஆட்டக்காரர் அனுமதி அட்டை எடுப்பதற்குப் படிவம் நிரப்பவேண்டும், வெளியூர் ஆட்டங்களுக்குப் பெற்றோர் முறைவைத்துக் காரிற் பிள்ளைகளை ஏற்றிச் செல்லவேண்டும், முழு அணியின் உடைகளையும் ஆளுக்கொரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துத் தரவேண்டும். என் மனைவிக்கு முதன்முதலில் பிரெஞ்சு நண்பர்கள் கிடைத்தது அந்தச் சேறு படிந்த உடைப் பையைக் கைமாற்றும்போதுதான். மகன் கோல்காப்பாளனாக நின்றான். ஆட்டத்துக்கு முன் பயிற்றுவிப்பாளர் போத்தலிலிருந்து தண்ணீர் ஊற்றி அவனுடைய கையுறைகளின் உள்ளங்கைப் பகுதியை நனைத்து, இரண்டையும் ஒன்றோடொன்று அழுத்தித் தேய்க்கச் சொல்வார். அந்தப் பகுதியின் லேடெக்ஸ் ரப்பர் உலர்ந்திருந்தால் பந்து வழுக்கும்; அளவாக ஈரம் பட்டாற்றான் ஒட்டிப் பிடிக்கும். சனிக்கிழமைக் காலைக் குளிரில் ஈரக் கையுறையோடு அரைமணி நேரம் ஒரு பந்தும் வராமல் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை அவனுடைய விரல்களைத் தொட்டுப் பார்த்து அறிந்துகொண்டேன்.

2016இல் மந்தந்தா மார்செயை விட்டு லண்டனின் கிறிஸ்டல் பலஸ் கழகத்துக்குப் போனார். முழங்காற் காயம் பருவத்தைக் குலைத்துவிட்டது. ஓராண்டில் மார்செய்க்கே திரும்பினார். அவர் திரும்பியதைத் தோல்வி என்று எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பருவத்திலேயே அணி ஐரோப்பா லீக் இறுதியாட்டம் வரை சென்றது. 2018 மே 16 அன்று லியோனில் நடந்த அந்த ஆட்டத்தில் அத்லெத்திகோ மட்ரிட் 3–0 என வென்றது. மந்தந்தா கொடுத்த பந்தைச் சக ஆட்டக்காரர் கட்டுப்படுத்தத் தவற, அத்லெத்திகோவுக்கு ஆடிய பிரெஞ்சுக்காரர் கிரீஸ்மன் முதற் கோலை அடித்தார்.

ஆறு வாரங்களுக்குள் அதே கிரீஸ்மனும் மந்தந்தாவும் பிரான்சின் ஒரே உடையில் மொஸ்கோவின் லுஷ்னிகி மைதானத்தில் நின்றார்கள். 2018 ஜூன் 26, டென்மார்க்குடனான ஆட்டம். அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றுவிட்டதால் டெஷாம்ப் பலருக்கு ஓய்வு கொடுத்தார். 33 வயதில் மந்தந்தா உலகக் கிண்ணத்தில் முதன்முறையாக ஆடினார். இருபக்கமும் கோல் விழவில்லை. அந்த உலகக் கிண்ணம் முழுவதிலும் கோலின்றி முடிந்த ஒரே ஆட்டம் அது. சலிப்பூட்டும் ஆட்டம் என்று அரங்கில் கூச்சலிட்டார்கள். எவ்ரூவில் யாருக்கும் சலிக்கவில்லை. அன்று வலப்பக்கம் ஓடிய உஸ்மான் டெம்பெலேயும் இந்த நகரத்தில் வளர்ந்தவர். 50 ஆயிரம் பேர் அளவில் வாழும் ஓர் ஊரிலிருந்து உலகக் கிண்ணம் வென்ற அணிக்கு இருவர் சென்றிருக்கிறார்கள் என்பதை இங்கே எந்தப் பேக்கரியில் நின்று கேட்டாலும் சொல்வார்கள்.

அவருடைய குடும்பத்தையும் இங்கே சொல்லவேண்டும். மந்தந்தாவின் தம்பியர் மூவரும் கோல்காப்பாளர்களே. அவர்களுள் பர்ஃபே, பெல்ஜியத்தின் சார்லுரோவா கழகத்தில் ஆடியவர். தேசிய அணி என்று வந்தபோது அவர் கொங்கோவைத் தேர்ந்தெடுத்தார். ஒரு வீட்டில் அண்ணன் பிரான்சுக்கு, தம்பி கொங்கோவுக்கு. எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னால் யார் செய்தது சரி என்று உடனே கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை என் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவேண்டாம் என்றே விரும்புகிறேன். இருவரும் ஒரே தாயின் மேசையில் உண்டவர்கள், இரண்டு நாடுகளும் அவர்களுக்கு உரியவை.

மார்செய்க்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 613. அக்கழகத்தின் வரலாற்றில் வேறெவரும் அவ்வளவு ஆடியதில்லை. இறுதியில் அங்கும் பாவ் லோபஸ் வந்து இடத்தை எடுத்துக்கொள்ள, 37 வயதில் ரென் நகரக் கழகத்துக்குப் போனார். அந்த வயதில் புதிய ஊரில், புதிய அணியில், மீண்டும் முதலாமவரானார். அதே ஆண்டு நவம்பர் 30 அன்று கட்டாரில் துனிசியாவுக்கு எதிராக ஆடி, உலகக் கிண்ணத்தில் ஆடிய மிக வயது கூடிய பிரெஞ்சு ஆட்டக்காரர் ஆனார். 1–0 எனத் தோற்ற ஆட்டம். 2023 ஜனவரியில், 35 ஆட்டங்களோடு, தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். 2025 செப்டெம்பரில், 40 வயதில், முழுமையாக ஓய்வை அறிவித்தார்.

செய்தி வந்த அன்று மாலை அந்தக் கொங்கோ நண்பர் தொலைபேசியில் அழைத்தார். டெஷாம்ப் அநியாயம் செய்துவிட்டார் என்பது அவருடைய பழைய வழக்கு. 2018 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் லோரிஸ் காலிற் பந்தை வைத்துக்கொண்டு தாமதித்துக் குரோஷியாவின் மன்ட்சுகிச்சுக்குக் கோலைக் கொடுத்ததை மறுபடியும் எடுத்தார். அதே தொடரில் உருகுவேயின் கசேரெஸ் தலையால் முட்டிய பந்தை லோரிஸ் ஒற்றைக் கையாற் தட்டிவிட்டதை நான் எடுத்தேன். அந்தப் பந்தை மந்தந்தாவும் பிடித்திருப்பார் என்றார் அவர். பிடித்திருக்கக்கூடும் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆயினும் அணித்தலைவராக நிற்க லோரிஸே தகுந்தவர் என்ற என் முடிவை நான் விட்டுக்கொடுக்கவில்லை.