பட்டாணிக்கரிக்குப் பதினெட்டுக் கோடி வயசு

இங்கிலாந்தின் கடலோர ஊரான விட்பிக்குக் குடிவந்த புதிதில் கடைத்தெருவில் எங்கு பார்த்தாலும் ‘ஜெட்’ என்று பலகை. உள்ளே எட்டிப் பார்த்தால் கருகருவென்று மணிமாலை, மோதிரம். ஊரில் தலைச்சாயம் வாங்கும்போதெல்லாம் ‘ஜெட் பிளாக்’ என்று கேட்டு வாங்கியவள்தான் நான். ஜெட் விமானம் எப்போது கருப்பாக இருந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை!

பக்கத்து வீட்டுப் பாட்டிதான் விளக்கினார். (வயசு வித்தியாசம் இல்லாமல் எல்லாரையும் ‘லவ்’ என்று கூப்பிடுகிறவர். முதல்முறை மீன்காரர் என்னை அப்படிக் கூப்பிட்டபோது திடுக்கிட்டேன்.) ஜெட் கல்லே இல்லையாம், மரம். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் சேற்றில் புதைந்து இறுகிய மரம். 1861-இல் கணவர் ஆல்பர்ட் இறந்ததும் விக்டோரியா மகாராணி துக்கத்துக்கு இதை அணிய, நாடே அணிந்தது. இந்த ஊர்ப் பட்டறைகளுக்கு நல்ல காலம். பாட்டி பட்டாணி அளவுத் துண்டு ஒன்றை என் கையில் வைத்தார். கனமே இல்லை, கண்ணாடி மாதிரி சில்லென்றும் இல்லை. மெருகிடாத பீங்கானில் தேய்த்துக் காட்டினார்: பழுப்புக் கோடு விழுந்தது. கருங்கோடு விழுந்தால் அது வெறும் நிலக்கரி.

அன்றிலிருந்து அவரோடு நடக்கப் போனால் எனக்குப் பாடம்தான். நான் காக்கா என்று கைகாட்டிய எதுவும் வெறும் காக்கா இல்லை. மூக்கடியில் முடி இல்லாமல் வெளிறியிருந்தால் ‘ரூக்’. பிடரி சாம்பலாய், கண் வெள்ளையாய் இருந்தால் ‘ஜாக்டா’. நாம் ‘கரு’ என்று முன்னால் ஒட்டி கருங்காலி, கருநாகம், கருங்குவளை என்று வேலையை முடித்துவிடுகிறோம். இவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் கடைசியில் வேலியோர முள்செடியில் நாவல்பழம்! அப்படித்தான் நினைத்தேன். அதே கருநீலம், மேலே திருநீறு பூசின மாதிரி. கேட்காமல் ஒன்றை வாயில் போட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது; பிஞ்சு வாழைக்காயைப் பச்சையாகக் கடித்த துவர்ப்பு. பாட்டி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். ‘ஸ்லோ’ என்று பெயராம். சர்க்கரையோடு ஜின் மதுவில் மாசக்கணக்கில் ஊறப் போடத்தான் இது, தின்பதற்கில்லை.

டிசம்பரில் நாலு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. எனக்கு அந்த நேரம்தான் ஆகாது. அம்மாவோடு பேசலாம் என்றால் அங்கே ராத்திரி ஒன்பதரை, தூங்கியிருப்பாள். ஒருநாள் வாசலில் நின்றபடி பாட்டி கடலைப் பார்த்து ‘குளோமிங்’ என்றார். இரவும் இல்லை பகலும் இல்லை, அந்த மங்கல். உங்கள் பாஷையில் என்ன என்று கேட்டார்.

கருக்கல் என்றேன். அம்மா சொல்கிற சொல். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, உள்ளே போய் விளக்கைப் போட்டார்.