ரெண்டு பாட்டி, ரெண்டு காலைச் சாப்பாடு

என் மாமியார் கேரளத்து நிலம்பூர்க்காரர். என் அம்மாவோ இலங்கை மலையகத் தமிழ். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்த குடும்பம். டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே எங்களை ஆளாக்கியவர். நடுவில் கோத்தகிரியில் வளர்கிறான் என் மகன்.

பேரன் மலையாளம் பேசாமலே போய்விடுவானோ என்று அவன் அச்சம்மாவுக்கு, அதாவது என் மாமியாருக்குக் கவலை. கண்டி, தோட்டத்து லய வீடு என்றால் "அது எங்க இருக்கு?" என்பானோ என்று அம்மாயிக்கு, அதாவது என் அம்மாவுக்கு. "கடைசியில இவன் எந்த ஊர்க்காரன்?" என்று என் கணவர் நடுராத்திரியில் எழுப்பிக் கேட்பார். எனக்கு அவன் ஸ்வெட்டரைத் தொலைக்காமல் வந்தால் போதும்.

பையன் இரண்டு பாஷையும் சுத்தமாகப் பிடித்துக்கொண்டான். எதற்கு என்பது பிறகுதான் தெரிந்தது.

காலையில் "அச்சம்மே, விசக்குன்னு" என்று மலையாளத்தில் பசியைச் சொல்வான். புட்டும் கடலைக்கறியும் வரும். தின்றுவிட்டு வேன் ஏறச் சரிவில் இறங்குவான். வேன் நிற்பது அம்மாயி வீட்டு வாசலில். அங்கே முகத்தைத் தொங்கப்போட்டு, "வீட்ல ஒண்ணுமே செய்யல அம்மாயி." உடனே தேங்காய் ரொட்டி, கட்டசம்பல். சம்பந்தி வீட்டு அடுப்பைப் பற்றி வாயைத் திறந்தால் வம்பு என்று அம்மா உள்ளுக்குள்ளேயே புழுங்கியிருக்கிறார்.

முதல் பீரியடிலேயே தூங்குகிறான் என்று டீச்சர் சொன்னபோது, "ரெண்டு மொழி தலையில ஏறுதுல்ல, களைப்பா இருக்கும்" என்று விளக்கம் கொடுத்தார் என் கணவர். படித்தவர்.

ரேஷன் கடை வரிசையில் குட்டு உடைந்தது. "புள்ளைக்கு ஒரு வாய் குடுத்து அனுப்பக் கூடாதா சம்பந்தி?" என்று அம்மா கேட்டேவிட்டார். "எந்தா? ரெண்டு குற்றி புட்டு தின்னிட்டாணு அவன் போயது!" மிச்சத்தைக் கையாலேயே பேசிக்கொண்டார்களாம். சண்டை வரும் என்று நான் பயந்தால், விசாரணைக்கு வந்த போலீஸ் மாதிரி இருவரும் சேர்ந்து வீட்டுக்குள் நுழைந்தார்கள். அத்தனை வருஷத்தில் அவர்கள் ஒரே கட்சியாக நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

இப்போது திங்கள், புதன், வெள்ளி புட்டு; செவ்வாய், வியாழன், சனி ரொட்டி. ஞாயிறு இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

போன வாரம் பையன், பக்கத்து வீட்டுப் படுகர் பாட்டியிடம் படுக பாஷை கற்றுக்கொள்ளப் போவதாகக் கிளம்பினான். "பாத்தியா, நீலகிரிக்காரனாவே ஆயிட்டான்" என்று என் கணவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நான் ஜன்னலைத் திறந்தேன். அந்த வீட்டில் எண்ணெ ஹிட்டுப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.