குளியலறைக் கூரையில் ஒரு வெயில்

மெல்பேர்ணில் அக்கா வீட்டுக் குளியலறைக் கூரையில் 275 வாற்று வெப்ப மின்குமிழ்கள் நான்கு இருந்தன. ஆனி மாதக் குளிரில் (அங்கே அதுதான் குளிர்காலம்) ஈர உடம்போடு அவற்றின் கீழ் நின்றபோது, கிளிநொச்சியில் மார்கழி விடியலில் கிணற்றடியில் குளித்த நாட்களே நினைவுக்கு வந்தன. கிணற்று நீர் அந்நேரத்தில் வெதுவெதுப்பாகவே இருக்கும். வாளியைக் கவிழ்த்த பின் வீசும் வாடைக்காற்றுத்தான் பற்களைக் கிட்ட வைக்கும். துவாயைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவோம்.

அடுப்புத் தணலைப் போலவே இம்மின்குமிழும், காற்று சூடாகும்வரை காத்திராமல், அகச்சிவப்புக் கதிர்களால் தோலை நேரடியாகச் சூடாக்குகிறது. ஆளியை அழுத்திய சில கணங்களிலேயே முதுகில் வெயில் விழுகிறது. ஓரடி விலகினால் அந்தச் சுகம் இல்லை. நான்கும் எரிந்தால் 1100 வாற்று என்பதால், துவட்டியதும் அணைத்துவிடும்படி அக்கா கதவுக்கு வெளியிலிருந்து குரல் கொடுப்பார்.