தையலைப் பிரித்தால் மீண்டும் துணி

எடோ காலத்து (1603–1868) ஜப்பானியர் எதையும் வீணாக்காமல் வாழ்ந்தார்கள் என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் அதை ஏதோ ஞானிகளின் எளிமைபோலச் சித்திரிப்பது எனக்கு உவப்பாக இல்லை. நூற்பதும் நெய்வதும் சாயமிடுவதும் கைவேலையாக இருந்த காலத்தில் துணி விலையுயர்ந்த பொருள். அதனால்தான் அவ்வளவு சிக்கனம். கிமோனோ என்னும் மரபு அங்கியை அவர்கள் வெட்டித் தைத்த விதத்திலேயே இந்தக் கணக்கு தெரிகிறது.

பெரியவர் ஒருவருக்கான கிமோனோ, ‘தான்’ எனப்படும் ஒரே துணிச்சுருளிலிருந்து உருவாகிறது. சுருளின் அகலம் ஏறத்தாழ 36 சென்டிமீட்டர், நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். உடலுக்கு இரண்டு, கைகளுக்கு இரண்டு, முன்புற இணைப்புக்கு இரண்டு, கழுத்துப்பட்டிக்கு ஒன்று, அதன்மேல் போர்த்தும் மேல்பட்டிக்கு ஒன்று என எட்டுத் துண்டுகள். எல்லாமே நேர்க்கோட்டில் வெட்டப்பட்டவை. உடலின் வளைவுக்கேற்பத் துணியை வெட்டாமல், மிகுதியைத் தையலுக்குள் மடித்து வைத்துவிடுவார்கள். குழந்தையின் உடையில் தோளிலும் இடுப்பிலும் பிடித்த மடிப்புகளைக் குழந்தை வளர வளரப் பிரித்துவிட்டால் போதும்.

அந்த மேல்பட்டியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கொண்டைக்குப் பூசிய மெழுகெண்ணெய் முதலில் படிவது கழுத்தில்தான். நகரத்துச் சாதாரணப் பெண்கள் அழுக்குத் தெரியாத கறுப்புத் துணியில் மேல்பட்டி தைத்துக்கொண்டார்கள். நைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும், உடைக்குச் சேதமில்லை.

பருத்தியாலான அன்றாட உடையை அப்படியே துவைத்துவிடலாம். நல்ல உடை என்றால், துவைப்பதற்கு முன் தையல் முழுவதையும் பிரித்தாக வேண்டும். துண்டுகளை முனையோடு முனை சேர்த்துத் தைத்து, மறுபடி ஒரே நீளத்துணியாக்கி அலசுவார்கள்; ‘ஃபுனோரி’ என்னும் கடற்பாசியைக் காய்ச்சிய கஞ்சியைப் போட்டு, இரு முனைகளிலும் ஊசி பொருத்திய மெல்லிய மூங்கில் குச்சிகளைக் குறுக்கே வளைத்துச் செருகி, சுருக்கம் விழாமல் உலர்த்துவார்கள். அதன்பின் மறுபடி தைப்பு. நைந்த இடம் உள்ளே மறையும்படி துண்டுகளை இடம் மாற்றித் தைப்பதும் உண்டு. இத்தனையும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில் விழுந்த வேலை என்பதைச் சிக்கனத்தைப் புகழ்பவர்கள் ஏனோ சொல்வதில்லை.

குளிருக்காக உடைக்குள் திணித்த பஞ்சை நான்காம் மாதம் முதல் நாளில் எடுத்துவிடுவது வழக்கம். ‘நான்காம் மாதம் முதல் நாள்’ என்ற எழுத்துகளையே ‘வாத்தநுகி’, அதாவது பஞ்சு நீக்கல், என்று வாசிக்கும் குடும்பப்பெயர் ஜப்பானில் இன்றும் இருக்கிறது.

எடோ நகரத்து (இன்றைய டோக்கியோ) எளிய மக்கள் பலர் புதுத்துணி வாங்கியதே அரிது. காண்டா ஆற்றங்கரையில் யனாகிஹாரா என்ற இடத்தில் பழந்துணிக் கடைகள் வரிசையாக இருந்தன. ஒசாகாவிலிருந்து வடக்கே சென்ற சரக்குக் கப்பல்களும் பழந்துணியை மூட்டை மூட்டையாக ஏற்றிச்சென்றன. பருத்தி விளையாத வடகுளிர்ப் பகுதிகளில் நார்த்துணி உடுத்தியவர்களுக்கு ஒரு பருத்திக் கந்தல்கூட அருமையான பொருள். அதை ஒட்டுக்குமேல் ஒட்டாகப் போட்டு நெருக்கமாகத் தைத்தார்கள். ஒட்டுக்கும் உதவாததை நாடாவாகக் கிழித்து, ஊடுநூலாகக் கொடுத்துக் கனத்த துணி நெய்தார்கள்.

நகரத்தில் உடை கிழிந்தால் குழந்தைக்கு அரைத்துணி, பிறகு தரை துடைக்கும் துணி, கடைசியில் அடுப்பு. அடுப்புச் சாம்பலுக்கும் விலை இருந்தது. அதை வீடுவீடாக வாங்கிப்போகத் தனி வியாபாரிகள் வருவார்கள். வயலுக்கு உரமாகப் போனது போக, நீலச்சாயத் தொட்டிகளுக்கும் சாம்பல் வேண்டியிருந்தது. மரச்சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த காரநீர் இருந்தால்தான் அந்தச் சாயம் புளித்துத் துணியில் ஏறும்.