ஆப்பும் மாமாவோட குட்டி நோட்டும்

போன வாரம் சுங்கை சிப்பூட்டுக்கு லீவுல போயிருந்தேன், மாமா கேட்ட ஒரு கேள்வி இன்னும் மனச விட்டுப் போகல. மாமா பாமாயில் எடுக்குற செம்பனத் தோட்டத்துல பழம் வெட்டுறாரு. நான் கோலாலம்பூர்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங் பாக்குறேன், வெட்டுன குலைய எண்ணி போன்ல பதியுறதுக்கு அவங்க தோட்டத்துல வேலைய மேற்பார்வ பாக்குற மண்டோர் கையில இருக்குற ஆப் எங்க டீம் செஞ்சது.

"மாப்ள, இன்னிக்கி என் பேர்ல எத்தன குலை ஏறுச்சின்னு அதுல நான் பாக்கலாமா?"

முடியாது. மண்டோர் பாக்கலாம், ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி பாக்கலாம், மேனேஜருக்கு சார்ட்டே வருது. வெட்டுனவருக்கு மட்டும் ஒன்னும் இல்ல. அதனால குலக்காம்புல தன் நம்பர எழுதிட்டு, சட்டப் பையில இருக்குற குட்டி நோட்டுலயும் குறிச்சிக்கிறாரு.

ரிலீஸ் அன்னிக்கி எல்லா டெஸ்டும் பாஸ். சர்வர் 99.9% நேரம் ஓடும்னும் சொல்லியிருந்தோம். மிச்சம் 0.1%ன்னா வருசத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம், அது நடுராத்திரியில போனா ஒருத்தருக்கும் தெரியாது, சம்பளக் கணக்கு முடிக்கிற அன்னிக்கு போச்சின்னா கிராணி பாவம். மேனேஜர் கவல வேற, வெட்டுன பழம் 24 மணி நேரத்துக்குள்ள மில்லுக்குப் போகலன்னா எண்ணெய்ல அமிலம் ஏறிடும், அதனால எந்த பிளாக்குல பழம் கெடக்குதுன்னு அவருக்கு உடனே தெரியணும். மண்டோருக்கோ லைன் கெடைக்காத பிளாக்குல, மழையில, ஈரக் கையோட பட்டன் அமுங்கணும்.

ஒரு சாஃப்ட்வேர் நல்லாருக்கான்னு எந்தெந்த குணத்த வச்சிப் பாக்கணும்னு சொல்ற ஐஎஸ்ஓ 25010 தரநிலையில 2011ல எட்டு குணம் இருந்துச்சு, 2023ல சேஃப்டியும் சேந்து ஒன்பது. எதையும் மறக்காம இருக்க அது ரொம்ப உதவும், நான் வேலையில தெனமும் பாக்குறதுதான். ஆனா இந்தத் தோட்டத்துல எது முக்கியம், யாருக்கு முக்கியம்னு நாமதான் போய் கேக்கணும். நாங்க காசு குடுக்குறவங்கள மட்டும் கேட்டோம். அது எங்க தப்புதான்.

இப்ப புதுசா ஒன்னு அளக்கலாம்னு டீம்ல சொல்லியிருக்கேன்: வெட்டுறவங்க நோட்டுக் கணக்கும் ஆப் கணக்கும் மாசத்துல எத்தன நாள் ஒத்துப் போகுது, ஒத்துப் போகலன்னா சரி பண்ண எத்தன நாள் ஆவுது. மொத ஆளா மாமாகிட்டயே நோட்ட கேட்டேன். ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுக்க விட்டாரு, "மண்டோர் மேல குத்தம் சொல்ற மாதிரி ஆயிடக்கூடாது மாப்ள, அவரு நல்ல மனுசன்"ன்னு மட்டும் ரெண்டு தடவ சொன்னாரு. நோட்டுல மழ பெஞ்ச நாளுக்கெல்லாம் பக்கத்துல ஒரு கோடு போட்டு வச்சிருக்காரு, அந்த நாளுங்களத்தான் மொதல்ல ஒப்பிட்டுப் பாக்கப் போறேன்.