காக்காவும் நீல டிரம்மும்

திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேரின் பெற்றோர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசுவார்கள், பள்ளியில் தமிழ், லைன் வீட்டு வாசலில் எல்லாம் கலந்து ஓடும். 2022இல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபிறகு, பிள்ளைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்துகிறோம், கதை சொல்லவும் நடிக்கவும் நேரம் கிடைக்கிறது. அது நல்ல விஷயம்தான்.

கதை முடிந்ததும் "உனக்கு இந்த மாதிரி நடந்திருக்கா கண்ணு?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் "ஆமா மிஸ்" என்று ராகம் போடும், அதோடு சரி. ஏழு வயசுப் பிள்ளை முழுக்கதையையும் மனசில் பிடித்து, தன் வாழ்க்கையில் தேடி, கிடைத்ததை இப்போதுதான் பழகுகிற மொழியில் சொல்ல வேண்டும் என்றால் எப்படி முடியும்? அதனால் கதையில் வருகிற ஒரு சாமானைப் பற்றி மட்டும் கேட்பேன்.

தாகம் எடுத்த காக்கா கதையில், "உங்க வீட்டுல தண்ணி எதுல புடிச்சு வெப்பீங்க?" என்று கேட்டேன். இங்கே குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை என்பதால் அந்தக் கேள்விக்குப் பேசாத பிள்ளையே இல்லை. நீல டிரம், குடம், பெயிண்ட் பக்கெட், தண்ணி விடுகிற அன்றைக்கு நடக்கிற சண்டை என்று எல்லாம் வந்தது. அப்புறம் ஒருத்தி எழுந்து, "எங்க டிரம்முல மூடி போட்டுச் செங்கல் வெச்சிருக்கும், காக்கா குடிக்க முடியாது, அந்தப் பானைய மட்டும் யாரு தொறந்து போட்டா?" என்றாள். இத்தனை வருஷம் இந்தக் கதையைச் சொல்லியும் எனக்குத் தோன்றாத கேள்வி. பானைக்குச் சொந்தக்காரி யார், ஏன் மூடாமல் போனாள் என்று அடுத்த பாடவேளை வரைக்கும் ஓடியது. சொந்தக் கதையைச் சொல்லவிட்டு அங்கேயே நிறுத்தினால் அது வெறும் அரட்டை. மறுபடி கதைக்குள் வந்து இன்னொரு கேள்வி கேட்டால்தான் மொழி வளர்கிறது என்பது என் எண்ணம்.

அவிநாசி எங்களுக்குப் பக்கம். முதலை விழுங்கிய பையனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதையை ஒரு நாள் சொன்னேன். விழுங்கிய வயசில் இல்லாமல், நடுவில் போன வருஷங்களுக்கும் சேர்த்து வளர்ந்தவனாகப் பையன் கரையேறுவதுதான் அதில் பிள்ளைகளுக்கு அதிசயம். "அவங்கம்மா அன்னிக்கு என்ன சமைச்சிருப்பாங்க?" என்றேன். பிரியாணி, முட்டை, சேமியா என்று கத்திக்கொண்டிருந்தபோது, அதிகம் பேசாத பீகார்ப் பெண் பாதி இந்தியில், "அவனுக்கு அம்மாவை அடையாளம் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். அவள் தம்பி ஊரில் தாதியிடம், அதாவது அப்பாவின் அம்மாவிடம், வளர்கிறான். அவர்கள் ஊர்ப் பண்டிகையான சட் பூஜைக்குப் போயிருந்தபோது அம்மாவைப் பார்த்ததும் தாதி சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டானாம். தமிழ் தெரிந்த பக்கத்துப் பையன் விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்தான், நான் குறுக்கே போகவில்லை. அப்புறம் வகுப்பே சேர்ந்து அந்த அம்மாவுக்கு வழி சொன்னது. மச்சத்தைப் பார்க்கலாம், பேர் சொல்லிக் கூப்பிடலாம், சின்ன வயசுச் சட்டையைக் காட்டலாம்.

பார்வையிட வருகிறவர்கள் "கதையின் நீதி என்ன?" என்று கேட்பார்கள். "நல்லவனா இருக்கணும்" என்று பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள், எந்தக் கதைக்கும் பொருந்துகிற பதில் அது.

ஒன்று மட்டும் கவனம். அப்பா, வீடு, பண்டிகை என்று நேராகக் கேட்கிற கேள்வி சில பிள்ளைகளுக்கு வலிக்கும். அப்பா ஒன்றரை ஷிப்டு முடித்து வரும்போது தூங்கிப்போகிற பிள்ளையும் இருக்கிறது, அப்பாவே இல்லாத பிள்ளையும் இருக்கிறது. அதனால் "உனக்குத் தெரிஞ்ச யாருக்காவது" என்று கேட்கிறேன், சொல்ல விருப்பமில்லாதவர்கள் படம் வரையலாம். படத்துக்குக் கீழே ஒரு வரி, அதில் இந்தி கலந்தாலும் பரவாயில்லை. ஒற்றுப்பிழையை மறுநாள் பார்த்துக்கொள்வேன்.