மணி என்று கூப்பிட்டால்தான் திரும்பும்

அந்தத் தம்பி தொலைபேசியில் முதலில் நாயின் காயத்தைப் பற்றிச் சொல்லவில்லை. "அக்கா, அது குரைக்கிறதையே நிறுத்திடுச்சு. நாலு நாளா சத்தமே இல்ல. அதான் பயமா இருக்கு" என்றார்.

இரவு பத்தரை மணி இருக்கும். பின்னால் தங்கும் விடுதியின் இரைச்சல் கேட்டது. சிங்கப்பூரில், சுங்கை காடுட்டில் ஒரு பட்டறையில் வேலை, ஊர் அறந்தாங்கிப் பக்கம் என்றார். பெயரை மட்டும் சொல்லவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று மூன்று முறை சொன்னார். விமானச் செலவுக்கும் ஏஜெண்டுக்கும் வாங்கிய கடன் இன்னும் அடையவில்லையாம். அப்படி இருந்தும் அழைத்திருந்தார்.

நான் அப்போது நாய்களைப் பராமரிக்கும் ஒரு சிறிய அறநிறுவனத்தில் விளம்பர வேலையில் இருந்தேன். சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் ஆறு வருடம் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை. அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் தமிழில் வரும் அழைப்புகளை என்னிடம் திருப்பிவிடுவார்கள்.

மறுநாள் காலை எங்கள் மீட்பு அலுவலரிடம் சொன்னேன். அவர் மலாய்க்காரர், இருபது வருடமாக இந்த வேலையில் இருப்பவர். எல்லாரும் அபாங், அதாவது மலாயில் அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். எங்களைப் போன்ற அமைப்புகளுக்கு ஒருவர் இடத்துக்குள் நுழைந்து நாயை எடுத்துவர அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை அதிகாரிகளிடம்தான் இருக்கிறது. 2019 முதல் அந்தச் சேவை தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்குகிறது. அபாங் அவர்களுக்குத் தகவல் கொடுத்தார். தம்பி அனுப்பிய இரண்டு மங்கலான படங்களையும் சேர்த்து அனுப்பினார். மூன்றாம் நாள் அதிகாரிகள் போனபோது நாங்களும் போனோம். நாயின் பொறுப்பை விட்டுவிடுவதாக முதலாளி அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

முதலில் நாற்றம்தான் வந்தது. ஒட்டுப்பலகை அடுக்குக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, ஒரு ஆள் உட்காரும் அளவு இடத்தில் அது படுத்திருந்தது. கழுத்தில் கட்டிய கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை. குட்டியாக இருந்தபோது கட்டியிருக்கிறார்கள். நாய் வளர்ந்தது, கயிற்றை யாரும் தளர்த்தவில்லை. தோல் அதன் மேலேயே வளர்ந்து மூடிவிட்டது. மூடாத இடத்தில் ஈ மொய்த்தது. எங்களைப் பார்த்ததும் உதட்டை நக்கியது, கொட்டாவி விட்டது, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. தூக்கம் வந்ததால் விட்ட கொட்டாவி இல்லை அது. பயந்த நாய், என்னை ஒன்றும் செய்யாதே என்று கேட்கும் விதம் அப்படி. அபாங் அதன் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி, தரையில் உட்கார்ந்தார். இருபது நிமிடம் அப்படியே இருந்தார். அதன் பிறகுதான் கையை நீட்டினார்.

மருத்துவமனையில் தோலுக்கடியில் அடையாளச் சிப் இருக்கிறதா என்று கருவியை வைத்துப் பார்த்தார்கள், இல்லை. உரிமமும் எடுத்திருக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்துக் கயிற்றை வெட்டி எடுத்தார்கள். மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு. புண்ணை முழுதாகத் தைத்து மூடாமல், உள்ளிருந்து ஆறட்டும் என்று திறந்தே விட்டார்கள். ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சலும் தெரிந்தது. பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சாப்பாடு கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார்கள்.

அன்றிரவு நான் செய்ததை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். பட்டறையில் எடுத்த படங்களில் ஒன்று என்னை உலுக்கியிருந்தது. நாய் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்க்கும் படம். எதைப் பார்த்தால் ஜனங்கள் நின்று கவனிப்பார்கள் என்று ஆறு வருடம் கற்றவள் நான். நான்கு வரி எழுதி, படத்தோடு எங்கள் பக்கத்தில் போட்டுவிட்டேன். இருபது நிமிடத்தில் அபாங் அழைத்தார். "மூலையில நீல டிரம் தெரியுது பாத்தியா? அதுல பெயிண்ட்ல பட்டறை பேரு இருக்கு. உடனே எடு."

எடுத்தேன். அதற்குள் பதினோரு பேர் பகிர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி நீக்கச் சொன்னேன். நாயைப் பற்றி வெளியே சொன்னது யார் என்று முதலாளி தேடினால், அந்தக் கொட்டகைப் பக்கம் போய்வருகிற இரண்டு மூன்று பேரில் ஒருவர்தான் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரவு முழுக்க எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் தம்பி வழக்கம்போல வேலைக்குப் போனார், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவர் வேலை தப்பியது தற்செயலாகத்தான். நாய்க்காக அழுத நான், அதற்காகத் தன் பிழைப்பையே பணயம் வைத்த மனிதரை அந்த நேரத்தில் நினைக்கவே இல்லை.

அபாங் இன்னொன்றும் சொன்னார். மீட்ட அன்று எடுக்கும் படங்கள் முதலில் விசாரணைக்கு உரியவை. தேதி தெரிய வேண்டும், காயத்தின் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுக்க வேண்டும், மருந்து போடுவதற்கு முன் எடுக்க வேண்டும். அவற்றை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டு, எதை எப்போது வெளியே காட்டலாம் என்று கேட்ட பிறகுதான் விளம்பரம். அன்று முதல் அப்படித்தான் செய்தேன்.

சரி, அடுத்த வாரம் அவர்களிடம் கேட்டுவிட்டு, மருத்துவமனையில் கட்டுப் போட்டபின் எடுத்த படத்தைப் போட்டோம். சிகிச்சைச் செலவு இரண்டே நாளில் வந்துவிட்டது. நன்கொடைக்கு இரண்டரை மடங்கு வரிக்கழிவு கிடைக்கும் தகுதி எங்கள் அமைப்புக்கு இருந்தது. ரசீது கேட்டு நிறையப் பேர் எழுதினார்கள். சிங்கப்பூரில் நிதி திரட்டுவதற்கு ஆகும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் செலவே இல்லாமல் எடுத்த அந்த ஒரு படம் எவ்வளவு கொண்டுவந்தது என்று மேலாளர் பாராட்டுவார்.

ஆனால் நாயை வீட்டுக்குக் கூட்டிப்போக ஒருவரும் வரவில்லை.

வந்த செய்திகளில் பாதி பாவம் என்றன, மீதி கோபம். ஏன் இன்னும் ஆளை உள்ளே போடவில்லை என்று கேட்டார்கள். 2014 இல் திருத்திய சட்டப்படி விலங்கை வதைத்தவருக்கு முதல் முறையே 15,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 18 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்க முடியும். அதற்கு நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும் என்று நூறு பேருக்காவது பதில் எழுதியிருப்பேன். விசாரணை அதன் வழியில் நடந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

எங்கள் காப்பகம் சுவா சூ காங்கைத் தாண்டி சுங்கை தெங்கா சாலைப் பக்கம் இருந்தது. சனி ஞாயிறுகளில் குடும்பங்கள் வரும். நேராக என்னிடம் வந்து "அந்தக் கழுத்துக் காய நாய் எங்கே?" என்று கேட்பார்கள். அது பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். படம் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளை கையை நீட்டினால் அம்மா பிடித்து இழுப்பார்: "வேணாம்மா, அடிபட்ட நாய், கடிச்சிரும்." நான் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்பேன். அந்த அம்மாவுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது நான் தேர்ந்தெடுத்த படம். அதில் ஒரு காயம் இருந்தது, அதைச் செய்த ஒரு கொடுமைக்காரன் மறைவாக இருந்தான். வீட்டுக்குள் கூட்டிப்போய் வளர்க்கக்கூடிய ஒரு நாய் அதில் இல்லை.

கூண்டு அட்டையில் லக்கி என்று எழுதியிருந்தோம். தொண்டர்கள் ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் ஆசையாகக் கூப்பிடுவார்கள், திரும்பாது. பக்கத்தில் தெங்கா ஆகாயப்படைத் தளம். போர் விமானம் எழும்பும்போது மற்ற நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைக்கும். இது மட்டும் வாய் திறக்காது. காது கேட்கவில்லையோ என்றுகூட மருத்துவரிடம் கேட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி அழைத்தார். "மணி எப்படிக்கா இருக்கான்?"

"யார் மணி?"

"நம்ம நாய்தான். நான் மணின்னுதான் கூப்புடுவேன்."

ராத்திரி சாப்பாட்டுப் பொட்டலத்தில் பாதியை வைத்திருந்து, விடியற்காலையில் யாரும் பார்க்காதபோது போடுவாராம். லோரியிலிருந்து இறங்கியதும் முதலில் அந்தப் பக்கம்தான் போவாராம். நான் கூண்டுக்குப் போய், தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, "மணி" என்றேன். ஒரு காது எழுந்தது. "வாடா மணி, சாப்புடு" என்றேன். எழுந்து இரண்டு அடி வைத்தான். வால் நுனி மட்டும் ஆடியது. ஏழு வாரமாக அவனுக்குத் தெரியாத மொழிகளில், அவனுடையது இல்லாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆனால் அந்தப் பெயரை வெளியே எழுத முடியாது. மணி என்று போட்டால் அந்தப் பட்டறையில் யாராவது ஒருவருக்குப் புரிந்துவிடும். கூண்டுக்குள் மணி, சுவரொட்டியில் லக்கி என்று வைத்துக்கொண்டோம்.

அப்புறம் விளம்பரத்தை மாற்றினேன். கழுத்தைக் காட்டுவதை நிறுத்தினேன். வாரம் ஒரு சின்னக் காணொளி: வாளியில் முதுகைச் சாய்த்துத் தூங்குகிறான், அவித்த பூசணிக்காய் என்றால் ஓடி வருகிறான், துடைப்பத்தைப் பார்த்தால் ஒளிகிறான், இன்று துடைப்பத்தைத் தாண்டிப் போனான். நன்கொடை குறைந்தது. மேலாளர் கவலைப்பட்டார், அது நியாயம்தான். மற்ற நாய்களுக்கும் சாப்பாடு போட வேண்டுமே. மூன்று மாதம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக ஒரு நாள் அளவு நாடாவை எடுத்து வந்து தோள்பட்டை வரை அளந்தோம். இங்கே பெரும்பாலானவர்கள் வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள். வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் அனுமதித்த 62 சிறு இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். தெருவிலிருந்தும் பட்டறைகளிலிருந்தும் மீட்கிற கலப்பின நாய்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அவற்றுக்காகவே 2012 இல் அடோர் என்ற திட்டம் வந்தது. 2020 முதல் எடைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, உயரம் 55 செண்டிமீட்டர் வரை இருக்கலாம் என்று தளர்த்தினார்கள். மணி 53. அந்த இரண்டு செண்டிமீட்டர் மீதமிருப்பதைப் பார்த்து அபாங் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் முதல் முறை கேட்டேன். கருத்தடை, சிப், உரிமம், கட்டளைப் பயிற்சி எல்லாம் முடித்தால் வீவக வீட்டுக்குப் போகலாம். இந்த விவரத்தைத் தமிழிலும் எழுதிப் போட்டேன். வீவக வீட்டில் இப்படிப்பட்ட நாயை வளர்க்கலாம் என்பதே தெரியாது என்று நம்மவர்கள் பலர் எழுதினார்கள்.

அவர்களில் ஒருவர் ஈசூனிலிருந்து எழுதினார். பள்ளி உணவகத்தில் கடை வைத்திருக்கும் அம்மா. அதுவரை எழுதிய எல்லாரும் அவனை என்ன செய்தார்கள் என்று கேட்டார்கள். இவர், "நான் காலையில் நான்கரை மணிக்கு எழுந்து நடப்பேன். அந்த நேரம் அவனுக்குச் சரிப்படுமா?" என்று கேட்டார். வாசித்துவிட்டு அபாங்கிடம் ஓடினேன். விடியற்காலைதான் அவனுக்குப் பிடித்த நேரம், சாப்பாடு வந்த நேரம்.

அந்த அம்மா ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார். முதல் வாரம் கூண்டுக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்து தேநீர் குடித்தார், அவ்வளவுதான். ஐந்தாம் வாரம் அவன் அவர் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்தான். கழுத்தைச் சுற்றி முடி வளராத ஒரு வளையம் இன்னும் இருந்தது. அதை அவர் ஒரு முறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. கழுத்துப் பட்டையும் வேண்டாம், மார்புப் பட்டையே போடுகிறேன் என்றார்.

அந்தச் சமயத்தில் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. துவாஸில் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். "அக்கா, இனிமே பேரைப் போடலாம்." சுவரொட்டிக்கு அப்போது தேவை இல்லாமல் போயிருந்தது. உரிமத்துக்கான படிவத்தில் பெயர் என்ற கட்டத்தில் மணி என்று அடித்தேன்.

ஈசூனுக்குப் போன மூன்றாம் வாரம், வீட்டு வாசலில் கால் நீட்டிப் படுத்திருக்கும் படத்தை அந்த அம்மா அனுப்பினார். அவரிடம் கேட்டுவிட்டுத் தம்பிக்கு அனுப்பினேன். அவர் ஒரு குரல் செய்தி திருப்பி அனுப்பினார். மூன்று நொடிதான் இருக்கும். "மணி, டேய், வாடா." அதை அந்த அம்மாவின் கைப்பேசிக்கு அனுப்பினேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டியிருக்கிறார். அவன் எழுந்து, கைப்பேசியை முகர்ந்து பார்த்துவிட்டு, கதவுப் பக்கம் போய் நின்றானாம். அந்த அம்மா கதவைத் திறந்து தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் காட்டியிருக்கிறார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஒரே ஒரு முறை குரைத்தானாம்.